நாள் செய்ததா, ஆள் செய்ததா?



'நாள் செய்வது நல்லார் செய்யார்' என்பது நம் நாட்டுப் பழமொழி. நாள் பார்த்து விதைப்பதும், நாள் பார்த்து மணம் முடிப்பதும், நாள் பார்த்துப் புதுமனை புகுவதும் நம்மவர் வழக்கம். தேர்வுக்குப் பணம் கட்டுவதற்குக்கூட இராகு காலம் கழியட்டும் என்று காத்திருக்கும் நண்பர்கள் நம் விடுதியிலும் உண்டு. அவர்கள் பெயரை இங்கே வெளியிடப் போவதில்லை, அஞ்ச வேண்டாம்! நாளுக்கென்று ஒரு குணம் உண்டு, நன்மையும் தீமையும் அதனால் விளைகின்றன என்னும் எண்ணம் நம்மிடம் ஆழ வேரூன்றியிருக்கிறது.

இவ்வெண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று. எந்த நாட்டுச் செய்தித்தாளைப் புரட்டினாலும் 'வரலாற்றில் இந்த நாள்' என்று ஒரு சிறு பகுதி கண்ணில் படும். ஒரே தேதியில் வெவ்வேறு ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றை அதில் அடுக்கியிருப்பார்கள். ஓர் ஆண்டில் ஓர் அரசன் முடி சூடினான். மற்றோர் ஆண்டில் ஒரு கப்பல் மூழ்கியது. வேறோர் ஆண்டில் ஒரு கவிஞர் பிறந்தார். படிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது. 'என்ன பொருத்தம்!' என்று வியக்கிறோம். மறு நொடியே மறந்து விடுகிறோம்.

வரலாறு பயிலும் மாணவன் என்ற முறையில் இத்தகைய பட்டியலைக் காணும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழுவதுண்டு. ஒரே நாளில் வந்து விழும் இந்நிகழ்ச்சிகளுக்குள் ஏதேனும் உறவு உண்டா? உண்டென்றால் அவ்வுறவை உண்டாக்கியது நாளா, ஆளா? இதற்கு விடை காண ஜெர்மனி நாட்டின் நவம்பர் 9-ஆம் நாளைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. 1848, 1918, 1923, 1938, 1989 என்னும் ஐந்து ஆண்டுகளில் அந்நாட்டின் போக்கைக் காட்டும் ஐந்து நிகழ்ச்சிகள் அத்தேதியிலேயே நிகழ்ந்தன. ஜெர்மானியர்களே அதனை 'விதியின் நாள்' என்று அழைப்பதுண்டு. அது விதிதானா என்பதையே இக்கட்டுரையில் ஆராயப் போகிறேன்.

கணக்கு சொல்வது

ஜெர்மனிக்குச் செல்லுமுன் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஒரே தேதியில் பல பெரிய நிகழ்ச்சிகள் நடந்திருப்பது தன்னளவில் வியப்புக்குரியதன்று. உலக வரலாறோ பல்லாயிரம் ஆண்டுகள் நீண்டது. நாட்காட்டியில் இருப்பவையோ 366 கட்டங்களே. ஒரு பெருவெள்ளத்தை 366 குடங்களில் ஊற்றினால் எந்தக் குடம்தான் காலியாக இருக்கும்? எந்தத் தேதியைத் தொட்டாலும் அங்கே ஒரு பிறப்பும் ஓர் இறப்பும், ஒரு போரும் ஓர் உடன்படிக்கையும் கிடைத்தே தீரும்.

கணித வகுப்பு நண்பர்கள் இதனை இன்னும் அழகாகக் காட்டுவர். ஓர் அறையில் எத்தனை பேர் கூடினால், அவர்களுள் யாரேனும் இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கப் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு? குறைந்தது 180 பேராவது வேண்டும் என்று நம் மனம் சொல்லும். விடையோ 23 தான்! காரணம் எளிது. 23 பேரை இருவர் இருவராக இணைத்துப் பார்த்தால் 253 இணைகள் கிடைக்கின்றன. ஓர் இணை பொருந்துவதற்கு 365-இல் ஒரு வாய்ப்பே உண்டு என்றாலும், 253 இணைகளுள் ஒன்றேனும் பொருந்துவது அருமையன்று. நம் மன்றக் கூட்டத்திற்கு 23 பேர் வரும்போது சோதித்துப் பார்க்கலாம். 23 பேர் வருவதுதான் அதைவிட அருமையாயிருக்கிறது!

ஆயினும் சில பொருத்தங்கள் நம்மைத் திகைக்க வைக்கின்றன. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை உருவாக்குவதில் பெரும் பங்கு கொண்டவர்கள் ஜான் ஆடம்ஸ், தாமஸ் ஜெபர்ஸன் என்னும் இருவர். இருவரும் பின்னர்க் குடியரசுத் தலைவர்களாயினர். 1826-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள், பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு நாளன்று, சில மணி நேர இடைவெளியில் இருவருமே காலமாயினர். ஐந்து ஆண்டுகள் கழித்து 1831-இல் ஜேம்ஸ் மன்றோ என்னும் மற்றொரு முன்னாள் தலைவரும் அதே ஜூலை 4-ஆம் நாளில் மறைந்தார். அக்கால அமெரிக்கருள் பலர் இதில் இறைவனின் கையைக் கண்டனர். 90 வயதான ஆடம்ஸும் 83 வயதான ஜெபர்ஸனும் நோயுற்றிருந்தும், அந்தப் பொன்விழா நாளைக் கண்டுவிட வேண்டும் என்ற உறுதியால் உயிரைப் பிடித்துக் கொண்டிருந்தனர் என்று எண்ணுவாரும் உண்டு. எப்படியாயினும், ஒன்றின் காரணமாக மற்றொன்று நிகழ்ந்தது என்று சொல்ல இங்கே இடமில்லை. இதனைத் தற்செயல் என்று ஒதுக்கி வைப்போம்.

நாட்காட்டியும் ஏமாற்றும்

தேதி ஒன்றாயிருப்பதாலேயே நாளும் ஒன்றாகி விடாது. ஆங்கில நாடகப் பேராசிரியர் ஷேக்ஸ்பியரும், 'டான் குவிக்ஸோட்' எழுதிய ஸ்பெயின் நாட்டு செர்வாண்டிஸும் 1616-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் ஒருசேர இறந்தனர் என்று பெருமையோடு சொல்வார்கள். ஆனால் அன்று ஸ்பெயின் நாட்டில் வழங்கியது 1582-இல் போப் பதின்மூன்றாம் கிரிகரி திருத்தியமைத்த புதிய நாட்காட்டி. இங்கிலாந்தோ 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியையே பிடித்துக் கொண்டிருந்தது. இரண்டுக்கும் அப்போது பத்து நாள் வேறுபாடு. எனவே, இங்கிலாந்தில் ஷேக்ஸ்பியர் கண் மூடியபோது ஸ்பெயினில் மே 3-ஆம் தேதி நடந்து கொண்டிருந்தது! போதாக்குறைக்கு, செர்வாண்டிஸ் இறந்தது 22-ஆம் நாள், அடக்கம் செய்யப்பட்டதே 23-ஆம் நாள் என்று அறிஞர் கூறுகின்றனர்.

ரஷ்யப் புரட்சியும் இப்படியே. 1917-இல் போல்ஷ்விக்குகள் ஆட்சியைக் கைப்பற்றியது அந்நாட்டு வழக்கப்படி அக்டோபர் 25. மற்ற ஐரோப்பிய நாடுகளின் கணக்கில் நவம்பர் 7. அதனால்தான் 'அக்டோபர் புரட்சி' விழாவை நவம்பரில் கொண்டாடினார்கள். ஆகவே, இரண்டு தேதிகள் பொருந்துகின்றன என்று யாரேனும் சொன்னால், எந்த நாட்காட்டியில் என்று முதலில் கேட்டுக் கொள்ள வேண்டும்.

ஜெர்மனியின் நவம்பர் 9-இல் இந்தத் தொல்லை இல்லை. ஐந்து நிகழ்ச்சிகளும் ஒரே நாட்காட்டியில் அமைந்தவை. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

1848: சுடப்பட்ட பிரதிநிதி

1848-ஆம் ஆண்டில் ஐரோப்பா முழுதும் புரட்சித் தீ பரவியது. பல சிற்றரசுகளாகச் சிதறிக் கிடந்த ஜெர்மானிய நிலப்பகுதிகளை ஒரே நாடாக்கி, அதற்கு ஓர் அரசியலமைப்பும் வகுக்க வேண்டும் என்று பிராங்க்பர்ட் நகரில் ஒரு தேசிய சபை கூடியது. அச்சபை உறுப்பினருள் ஒருவர் ராபர்ட் புளூம். ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். நாடகக் கொட்டகையில் பணி செய்து, சொந்த முயற்சியால் எழுத்தாளராகவும் புத்தக வெளியீட்டாளராகவும் உயர்ந்தவர். குடியாட்சியில் நம்பிக்கை கொண்டவர். ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, சபையின் இடதுசாரி உறுப்பினர்களின் தூதராக அங்கே சென்றார். நகரத்தைக் காக்கும் போரிலும் கலந்து கொண்டார். பேரரசரின் படை நகரைக் கைப்பற்றியது. சபை உறுப்பினரைக் கைது செய்தல் ஆகாது என்னும் சட்டப் பாதுகாப்பு புளூமுக்கு இருந்தது. அதைப் பொருட்படுத்தாமல் இராணுவ நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. நவம்பர் 9-ஆம் நாள் காலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் அவருக்கு 41 வயது நிறைவதாக இருந்தது. அன்று புளூமோடு அந்தச் சபையின் மதிப்பும் மாண்டது.

1918: ஒரே நாளில் இரண்டு குடியரசுகள்

எழுபது ஆண்டுகள் சென்றன. முதல் உலகப் போரின் கடைசி வாரம். தோல்வி உறுதியாகிவிட்டது, மக்கள் பசியால் வாடினர். வீணாகச் சாக மறுத்துக் கீல் துறைமுகத்தில் கடற்படை வீரர் தொடங்கிய கலகம் நகரந்தோறும் பரவியது. நவம்பர் 9-ஆம் நாள் பெர்லின் தொழிலாளர் வேலையை விட்டுத் தெருவில் இறங்கினர். பேரரசர் இரண்டாம் வில்லியம் பெல்ஜியத்தில் ஸ்பா என்னும் ஊரிலிருந்த படைத் தலைமையகத்தில் முடிவெடுக்காமல் தயங்கிக் கொண்டிருந்தார். இனிப் பொறுப்பதற்கில்லை என்று கண்ட பிரதம மந்திரி மாக்ஸ் இளவரசர், பேரரசரின் இசைவைப் பெறாமலே அவர் முடி துறந்து விட்டதாக நண்பகலில் அறிவித்து விட்டார்! தம் பதவியையும் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் எபர்ட்டிடம் ஒப்படைத்தார்.

அதே கட்சியைச் சேர்ந்த ஷைடமன் என்பவர் அப்போது பாராளுமன்றத்தின் உணவுக் கூடத்தில் சூப் அருந்திக் கொண்டிருந்தாராம்; தம் நினைவுக் குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். தீவிரவாதிகள் முந்திக் கொண்டு சோவியத் ஆட்சியை அறிவிக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. சாளரத்தருகே சென்று, கீழே திரண்டிருந்த மக்களை நோக்கிக் குடியரசு மலர்ந்துவிட்டது என்று முழங்கினார். அப்படி அறிவிக்க உமக்கு என்ன உரிமை என்று எபர்ட் சினந்து கொண்டார். இரண்டு மணி நேரம் சென்றதும் கார்ல் லீப்னெக்ட் அரண்மனையிலிருந்து மற்றொரு குடியரசை, சோஷலிஸக் குடியரசை, அறிவித்தார். ஒரு நாடு, ஒரு பகல், இரண்டு குடியரசுகள்! மறுநாள் பேரரசர் ஹாலந்துக்கு ஓடினார். 11-ஆம் நாள் போர் நின்றது.

குடியரசு பிறந்த நாளும் தோல்வியை ஒப்புக்கொண்ட வாரமும் ஒன்றாய் அமைந்ததே பிற்காலக் கேட்டுக்கு விதையாயிற்று. போர்முனையில் நாம் தோற்கவில்லை, உள்ளிருந்தோர் முதுகில் குத்திவிட்டனர் என்ற பொய்யைப் படைத் தலைவர்களும் தீவிர தேசியவாதிகளும் பரப்பினர். குடியரசை நிறுவியவர்களுக்கு 'நவம்பர்க் குற்றவாளிகள்' என்று பெயர் சூட்டினர்.

1923: பீர் மண்டபத்தில் ஒரு துப்பாக்கி வெடி

ஐந்து ஆண்டுகள் கழிந்தன. ஜெர்மனியின் நாணயம் மதிப்பிழந்து கிடந்தது. 1914-இல் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 4.2 மார்க், 1923 நவம்பர் முடிவதற்குள் 4,20,000 கோடி மார்க்! பெர்லினில் ஒரு ரொட்டியின் விலை 20,000 கோடி மார்க் வரை சென்றது. ஆயுட்காலச் சேமிப்பெல்லாம் ஒரு வேளை உணவுக்குக்கூடப் போதவில்லை.

புரட்சியின் ஐந்தாம் ஆண்டு நிறைவுக்கு முந்திய மாலை, நவம்பர் 8-ஆம் நாள், மூனிக் நகரத்துப் பெரிய பீர் மண்டபம் ஒன்றில் பவேரிய மாநிலத் தலைவர் கார் பேசிக் கொண்டிருந்தார். ஹிட்லர் தம் அடியாட்களோடு உள்ளே புகுந்து, கூரையை நோக்கித் துப்பாக்கியால் சுட்டு, தேசியப் புரட்சி தொடங்கிவிட்டது என்று கூவினார். மறுநாள், நவம்பர் 9, சுமார் 2,000 பேர் நகரின் நடுவே அணிவகுத்துச் சென்றனர். காவற்படை சுட்டது. 4 காவலர்கள் மாண்டனர். தம் பக்கத்தில் 16 பேர் உயிர் துறந்ததாக நாஜிகள் பின்னர் விழா எடுத்தனர். ஹிட்லருக்கு ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ஆனால் தீர்ப்பு வந்த ஒன்பதாம் மாதமே விடுதலை கிடைத்துவிட்டது. குடியரசை வெட்ட வந்த கோடரிக்குக் குடியரசின் நீதிமன்றமே சாணை பிடித்துக் கொடுத்தது போலாயிற்று.

1938: கண்ணாடி நொறுங்கிய இரவு

1933-இல் ஆட்சிக்கு வந்த ஹிட்லர், தோற்றுப் போன அந்தக் கலகத்தைப் பெருந்திருவிழாவாக்கினார். ஆண்டுதோறும் நவம்பர் 8 மாலையில் பீர் மண்டபத்தில் சொற்பொழிவு. 9-ஆம் நாள் அணிவகுப்பு. கட்சியின் மூத்தவர்கள் அனைவரும் மூனிக்கில் கூடுவது கட்டாயம் போல் ஆயிற்று.

1938 அக்டோபர் இறுதியில் போலந்துக் குடியுரிமை கொண்ட யூதர் சுமார் 17,000 பேரை நாஜி அரசாங்கம் எல்லைக்கு விரட்டியது. அவ்வாறு விரட்டப்பட்ட ஒரு குடும்பத்தின் மகன், 17 வயதான ஹெர்ஷல் கிரின்ஸ்பான், அப்போது பாரிஸில் இருந்தான். துயரமும் சினமும் மேலிட நவம்பர் 7-ஆம் நாள் அங்கிருந்த ஜெர்மன் தூதரகத்தில் புகுந்து வாம் ராத் என்னும் அதிகாரியைச் சுட்டான். அந்த அதிகாரி 9-ஆம் நாள் மாலை இறந்தார். செய்தி மூனிக்கை எட்டியபோது கட்சித் தலைவர்கள் எல்லாரும் ஒரே கூடத்தில் விருந்துண்டு கொண்டிருந்தனர். ஹிட்லருடன் தனித்துப் பேசிய பின் கோயபல்ஸ் எழுந்து வெறியூட்டிப் பேசினார். கூடியிருந்த தலைவர்கள் உடனே தொலைபேசியில் தத்தம் மாவட்டங்களுக்குக் கட்டளையிட்டனர்.

அன்றிரவும் மறுநாளும் நாடெங்கும் யூதர்களின் தொழுகைக் கூடங்கள் எரிந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்டவை அழிந்தன அல்லது சிதைந்தன. சுமார் 7,500 கடைகள் நொறுக்கப்பட்டன. இறந்தோர் 91 பேர் என்றது அன்றைய அரசாங்கக் கணக்கு. உண்மை அதனினும் பெரிது. ஏறத்தாழ 30,000 யூத ஆடவர்கள் டாக்கௌ, புகன்வால்ட், ஸாக்ஸன்ஹௌஸன் சிறை முகாம்களுக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். இவ்வளவும் செய்துவிட்டு, அழிவுக்கு ஈடாக 100 கோடி மார்க் கட்டுமாறு யூதர்களுக்கே தண்டமும் விதித்தனர்! அறுபது லட்சம் யூதரைக் கொன்று குவித்த பெருங்கொடுமைக்கு அவ்விரவு வாயிலாயிற்று.

1989: திறந்த கதவு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி இரண்டாகப் பிளந்தது. 1961 ஆகஸ்டு 13-இல் கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனி பெர்லின் நகரின் குறுக்கே சுவர் எழுப்பத் தொடங்கியது. அதனைக் கடக்க முயன்றும் அதன் காவலாலும் இறந்தோர் 140 பேருக்குக் குறையாது. 1989-இல் நிலை மாறியது. ஹங்கேரி தன் எல்லையைத் திறந்துவிட, மக்கள் ஆயிரக்கணக்கில் வெளியேறினர். அக்டோபர் 9-இல் லைப்சிக் நகரத் தெருக்களில் 70,000 பேர் அஞ்சாது நடந்தனர்.

மக்களின் கொதிப்பைத் தணிக்க அரசாங்கம் புதிய பயண விதி ஒன்றை வகுத்தது. மறுநாள் காலையில் அறிவித்து, அனுமதிச் சீட்டுப் பெற்று ஒழுங்காகச் செல்ல விடுவது அவர்கள் திட்டம். நவம்பர் 9 மாலை, கட்சியின் பேச்சாளர் ஷபோவ்ஸ்கி பத்திரிகையாளரைச் சந்தித்தபோது கையிலிருந்த தாளைப் படித்தார். எப்போது முதல் என்று கேட்டனர். தாளைப் புரட்டிப் பார்த்துத் தடுமாறியவர், தமக்குத் தெரிந்தவரை உடனடியாகவே என்று சொல்லிவிட்டார்! வானொலியும் தொலைக்காட்சியும் அதனைப் பரப்பின. மக்கள் சுவரை நோக்கி விரைந்தனர். போர்ன்ஹோல்மர் தெருச் சாவடியில் காவல் அதிகாரி ஹரால்ட் யேகர் மேலிடத்தைப் பன்முறை கேட்டும் தெளிவான கட்டளை வரவில்லை. சுட்டால் பெருங்கொலை, திறந்தால் மேலிடத்தின் கோபம். இரவு சுமார் பதினொன்றரை மணிக்கு அவர் கதவைத் திறக்கச் சொன்னார். 28 ஆண்டுகள் நின்ற சுவர் அன்றிரவே பயனற்றுப் போயிற்று.

உறவு எங்கே இருக்கிறது?

இந்த ஐந்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கிறது. 'விதியின் நாள்' என்று ஜெர்மானியர் சொன்னதில் வியப்பில்லை. ஆனால் சற்று நின்று பிரித்துப் பார்ப்போம்.

1848-க்கும் 1918-க்கும் தேதியளவில் தொடர்பு இல்லை. புளூமை நினைத்து யாரும் அந்நாளில் பேரரசரை வீழ்த்தவில்லை. மாலுமிகளின் கலகமும் பெர்லின் வேலைநிறுத்தமும் அந்நாளைக் கொண்டு வந்தன. இது தற்செயல்.

1918-க்கும் 1923-க்கும் உறவு உண்டு. குடியரசு பிறந்த நாளின் கசப்பு அந்த மண்டபத்தில் கூடியோர் மனத்தில் இருந்தது. ஹிட்லரும் தம் பேச்சில் ஐந்து ஆண்டுகளுக்கு முந்திய அந்நாளை நினைவூட்டினார். இந்த உறவைப் பிறப்பித்தது நினைவு.

1923-க்கும் 1938-க்கும் உள்ள உறவோ இன்னும் நெருங்கியது. கலகத்தின் விழாவுக்காக அத்தனை தலைவர்களும் ஒரே கூடத்தில் கூடியிராவிட்டால் ஒரே இரவில் நாடெங்கும் தீ மூட்டுவது அவ்வளவு எளிதாயிருக்காது. யூதர்மேல் கொண்ட பகை முன்பே இருந்தது. கொடுமை என்றேனும் வந்தே இருக்கலாம். ஆனால் அன்றிரவு வந்ததற்கு விழா ஒரு காரணம். ஒரு விளைவு மற்றொரு விளைவைப் பெற்றது.

இதே விழாவின் ஒழுங்கைப் பயன்படுத்திக் கொண்ட ஒரு நல்லவரும் உண்டு. ஜார்ஜ் எல்ஸர் என்னும் எளிய தச்சர். நவம்பர் 8 மாலை ஹிட்லர் எங்கே நிற்பார் என்பது ஊரறிந்த செய்தியாதலால், முப்பதுக்கு மேற்பட்ட இரவுகள் அந்தப் பீர் மண்டபத்தில் ஒளிந்திருந்து, ஒரு தூணைக் குடைந்து, அதற்குள் வெடிகுண்டு வைத்தார். 1939-இல் குறித்த நேரத்தில் குண்டு வெடித்தது. ஆனால் மூடுபனியால் விமானப் பயணத்தை விட்டு இரயிலில் செல்ல வேண்டியிருந்த ஹிட்லர் 13 நிமிடம் முன்னதாக வெளியேறி விட்டார். 8 பேர் மாண்டனர். எல்ஸர் 1945 ஏப்ரல் 9-இல் டாக்கௌ முகாமில் கொல்லப்பட்டார். நாள் குறித்துக் கொடுத்தது கொடியவனின் வீண் பெருமை. அதைப் பயன்படுத்தத் துணிந்தது ஒரு தனி மனிதனின் மனச்சாட்சி.

இறுதியாக 1989. ஷபோவ்ஸ்கி அந்தத் தாளைச் சரியாகப் படித்திருந்தால் சுவர் திறந்த நாள் நவம்பர் 10 ஆகியிருக்கும்! அப்போது 'விதியின் நாள்' பட்டியலில் ஒன்று குறைந்திருக்கும், வரலாறு குறைந்திராது. ஏனெனில் சுவரைத் திறந்தது தேதி அன்று. மாதக்கணக்கில் தெருவில் நடந்த மக்களும், சுட மறுத்த ஓர் அதிகாரியுமே.

ஆக, 'விதி' என்று ஒரே கட்டாகக் கட்டி வைத்ததை அவிழ்த்தால் தற்செயல், நினைவு, விளைவு என்னும் மூன்று வேறு இழைகள் கிடைக்கின்றன. விதி என்னும் சொல்லில் ஓர் ஆபத்து இருக்கிறது. 1938-இல் தொழுகைக் கூடங்களை எரித்தது நவம்பர் 9 அன்று. பெயரும் முகவரியும் உடைய மனிதர்கள். பழியை நாளின் தலையில் போட்டால் ஆள் தப்பித்துக் கொள்வான்.

எந்த நாளைக் கொண்டாடுவது?

1990-இல் இரு ஜெர்மனிகளும் ஒன்றானபோது இது ஏட்டுக் கேள்வியாக இல்லாமல் நாட்டுக் கேள்வியாகவே எழுந்தது. சுவர் திறந்த நவம்பர் 9-ஐத் தேசிய விழாவாக்கலாம் என்று சிலர் விரும்பினர். ஆனால் கண்ணாடி நொறுங்கிய இரவின் ஆண்டு நிறைவில் வாணவேடிக்கை விடுவது எப்படி? அவ்வெண்ணம் கைவிடப்பட்டது. சட்டப்படி ஒன்றிணைந்த அக்டோபர் 3 தேசிய நாளாயிற்று. அத்தேதியும் வானத்திலிருந்து விழுந்ததன்று. அக்டோபர் 7 கிழக்கு ஜெர்மனி நிறுவப்பெற்ற நாள். அதன் 41-ஆம் விழா வருமுன் காரியம் முடிய வேண்டும் என்று பலர் விரும்பினர். ஒரு நாளைத் தேர்ந்ததும் மனிதரே. ஒரு நாளைத் தவிர்த்ததும் மனிதரே.

ஆனாலும் நவம்பர் 9-ஐ அவர்கள் மறந்துவிடவில்லை. யூதர் வாழ்ந்த வீடுகளின் முன் நடைபாதையில் அவர்கள் பெயர் பொறித்த சிறு பித்தளைக் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. அந்நாளில் மக்கள் அக்கற்களைத் துலக்கி மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். அதே நாளில் சுவர் நின்ற இடத்தில் மலர் வைக்கிறார்கள். மகிழ்ச்சியையும் வெட்கத்தையும் ஒரே நாளில் சுமப்பது எளிதன்று. ஒன்றை ஏந்துவதற்காக மற்றொன்றைக் கீழே போடாதிருப்பதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

நம் நாட்காட்டியில்

நம் நாட்டு நாட்களையும் இவ்வாறே பார்க்கலாம். அரசியல் நிர்ணய சபை நம் அரசியலமைப்பை ஏற்றுக் கொண்டது 1949 நவம்பர் 26-இல். முழுமையாக நடைமுறைக்கு வந்ததோ 1950 ஜனவரி 26-இல். ஏன் இரண்டு மாதக் காத்திருப்பு? 1929 டிசம்பரில் லாகூர்க் காங்கிரஸ் பூரண சுயராஜ்யத் தீர்மானம் நிறைவேற்றி, 1930 ஜனவரி 26-ஐச் சுதந்திர நாளாகக் கொண்டாடச் செய்தது. அந்த நினைவைப் போற்றவே அதே தேதியைத் தேர்ந்தனர். இது தற்செயலன்று, நன்றியுணர்வு.

ஆகஸ்டு 15 வந்த கதை வேறு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பணிந்ததை 1945 ஆகஸ்டு 15-இல் அதன் பேரரசர் வானொலியில் அறிவித்தார். தென்கிழக்கு ஆசியாவில் நேச நாட்டுப் படைகளின் தலைவராக இருந்த மவுண்ட்பேட்டன், அதன் இரண்டாம் ஆண்டு நிறைவு என்பதால் அந்நாளைக் குறித்ததாகப் பின்னர்க் கூறினார். நம் விடுதலை நாளின் தேதியை நாம் தேரவில்லை. ஆயினும் அதற்குப் பொருள் கொடுத்தவர்கள் சிறை சென்றவர்களும் செக்கிழுத்தவர்களுமே. கொரியாவும் அதே ஆகஸ்டு 15-இல் ஜப்பானிய ஆட்சியிலிருந்து விடுபட்ட நாளைக் கொண்டாடுகிறது. ஆகவே நமக்கும் கொரியர்க்கும் விழா ஒரே நாளில் வருவது வெறும் தற்செயலன்று. இரண்டுக்கும் வேர் ஒன்று.

நாம் கொடியேற்றி மகிழும் ஜனவரி 26 ஆஸ்திரேலியாவுக்கும் தேசிய நாளே. 1788-இல் ஆங்கிலக் கப்பற்படைத் தலைவர் பிலிப் சிட்னித் துறையில் கொடி நாட்டிய நாள் அது. அம்மண்ணின் பழங்குடி மக்களோ, 150-ஆம் ஆண்டு விழா நடந்த 1938-இல், அதே நாளைத் துக்க நாளாக அறிவித்துக் கூட்டம் நடத்தினர். நம் குடியரசு நாளுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. ஆனால் ஒரே கொடியேற்றத்தை ஒருவர் பிறப்பாகவும் ஒருவர் இழப்பாகவும் காணலாம் என்ற உண்மையை அது நமக்குச் சொல்கிறது.

ஒரு வேண்டுகோள்

நம் மன்றத்தில் நாள்தோறும் தேதி பார்த்து நிகழ்ச்சிகளைத் தேடித் தரும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. பட்டியலை நிறுத்த வேண்டாம். ஆனால் ஒவ்வொரு பொருத்தத்தையும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இரண்டு தேதிகளும் ஒரே நாட்காட்டியில் அமைந்தவையா? பொருத்தம் தற்செயலாய் வந்ததா, நினைவால் வந்ததா, விளைவாய் வந்ததா? அந்நாளில் யார் விளக்கேற்றுகிறார்கள், யார் கண்ணீர் விடுகிறார்கள்? இம்மூன்றுக்கும் விடை தேடினால் ஒரு வரித் துணுக்கு ஒரு வரலாற்றுப் பாடமாகி விடும்.

நாள் செய்வதை நல்லார் செய்யார் என்றனர் முன்னோர். விதைப்புக்கு அது பொருந்தலாம். வரலாற்றில் நான் கண்டது வேறு. போர்ன்ஹோல்மர் தெருவின் கதவு தானாகத் திறந்து கொள்ளவில்லை. மூனிக் கூடத்துத் தொலைபேசிகளும் தாமாகப் பேசவில்லை. இரண்டு இரவுகளுக்கும் தேதி ஒன்றே. அவற்றை வேறாக்கியது மனிதர் எடுத்த முடிவு.